ஏழு மணி இரைச்சல்

1936 ஜனவரி 14, செவ்வாய்

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ரேடியோவில் புகும் இரைச்சலைத் தேடிப் பிடித்து அடக்குவது என் உத்தியோகம். இன்று இரண்டு மணி நேரம் லோன்ரிட்ஜ் தெருக்களில் ஓர் இரைச்சலைக் காரில் துரத்தினேன். எங்கே போனாலும் கூடவே வந்தது. என் கார் எஞ்சின்தான். ஸ்பார்க் பிளக்குகளில் மாட்டவேண்டிய தடுப்பான்களை வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முடிதிருத்தும் டூகல் பனியில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"கிடைச்சுதா, இன்ஸ்பெக்டர்?"

"நெருங்கிட்டேன்."

ஜனவரி 15

ஊரின் புகார்: தினமும் இரவு ஏழு மணிக்கு ரேடியோ கரகரக்கிறது, சனிக்கிழமை ஹாக்கி வர்ணனை கேட்க முடியவில்லை. நாற்பத்தொரு கையெழுத்து. அதில் முப்பதையாவது டூகல்தான் வாங்கியிருப்பார். கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது யார் மறுப்பார்கள்?

ஜனவரி 16

பிடித்துவிட்டேன். சரியாக ஏழுக்கு, தையல்காரி ரக்னா ப்ரெக்கேயின் ஜன்னலடியில் என் கருவி அலறியது. உள்ளே, மின்சாரத்தில் ஊதா வெளிச்சம் விடும் கண்ணாடிக் குழாயை வீங்கிய விரல்களில் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடக்குவாதம். "இது இல்லேன்னா காலையில ஊசி பிடிக்க வராதுங்க."

ஜனவரி 17

இரைச்சலை உறிஞ்ச ஒரு கண்டென்சர் வைத்தேன். பயனில்லை. இரைச்சல் வெளியே கசியாமலிருக்க அவள் நாற்காலியைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டினேன். உள்ளிருந்து, "முட்டை எத்தனை வேணும்?" என்றாள். இரைச்சல் அடங்கவில்லை. குழாயில் தெறிக்கும் மின்பொறிதான் இரைச்சல். பொறி இல்லாமல் அந்த வெளிச்சமும் இல்லை. நான் என்னதான் செய்ய?

ஜனவரி 18

"இரைச்சல் வடதுருவ ஒளியாலன்னு அறிக்கையில எழுதிடறேன்மா."

"பொய் எழுதாதீங்க. ஊரே எங்கிட்டதான் தைக்குது. அவங்க ஹாக்கியை நான் கெடுக்கலாமா? குழாயை நாளைக்கு உடைச்சிடறேன்."

நான் தடுக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது — கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

குழாயை அவளே சுத்தியலால் உடைத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். 'காரணம் நீக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினேன். பனிப்புயல் வருகிறது என்றார்கள். இரைச்சல் நின்றதா என்று பார்க்க ஏழு மணிவரை காத்திராமல் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 3

டூகலின் கடிதம். ரக்னா தையலை நிறுத்திவிட்டாளாம். தன் கோட்டுப் பொத்தானைக்கூட அவளால் போட முடியவில்லையாம், பக்கத்து வீட்டுக்காரி வந்து போட்டுவிடுகிறாளாம்.

அடியில் ஒரு வரி. குழாய் உடைந்த பின்னும் ஏழு மணி இரைச்சல் ஒருநாள்கூட நிற்கவில்லையாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.