ஏழாவது கேள்வி

ஜூலை 7, திங்கள்

தூறல், பிறகு வெயில். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு ஆட்டோவில் முப்பத்தைந்து நிமிடம். ஜவுளிக்கடை திறக்கும் முன் ஊழியர் சாப்பாட்டு அறையில் ஆங்கில வகுப்பு. சேல்ஸ் பெண்கள் பதினெட்டுப் பேரும் ஆஜர்.

முதன்முறையாக ஏஐ போட்ட கேள்விகள். நேற்றுக் கேட்டிருந்தேன், முழு வாக்கியத்தில், 'தயவுசெய்து' சேர்த்து. ஒரே நிமிடத்தில் பத்து. நான்கைத் திருத்தினேன் (புடவைக்கு 'சைஸ்' கேட்கும் வாடிக்கையாளர்! எந்த ஊரில்?). பெண்கள் தங்கள் போனில் விடையைத் தொட, டிவியில் வாக்குகள் பட்டை பட்டையாக ஏறின. கைதட்டல். எழுபத்து மூன்று வயதில், யார் உதவியும் இல்லாமல், நானே செய்தது. அவர் இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பார்.

மேனேஜர் பாண்டியன் வாசலில் நின்று பார்த்தார்.

"கேள்வியெல்லாம் அதுவே போட்டுருதா? அப்ப மேடம் எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையணும்? வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாக. பாத்துட்டுச் சொல்லட்டும்."

பணிவாகத்தான் சொன்னார். ஆனால் வகுப்பை நிறுத்திவிட்டால், காலை எட்டரைக்கு நான் எங்கே போவது?

ஜூலை 9, புதன்

பி.பி. மாத்திரை வாங்க. மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி.

கே. 7: வாடிக்கையாளர் கிளிப்பச்சை பார்டர் கேட்கிறார். கடையில் இல்லை. என்ன சொல்வீர்கள்? ஏஐ சொன்ன சரியான விடை: 'ஸாரி, வீ டோன்ட் ஹேவ் இட்.' பதினாறு பேர் தொட்டது: 'இட் வில் கம், மேடம்.'

தவறு என்றேன். மும்தாஜ் எழுந்தாள். திருவல்லிக்கேணிக்காரி, பட்டுப் பிரிவில் ஏழு வருடம்.

"இன்னா மிஸ், கடைல 'இல்ல'ன்ற வார்த்தையே வரக்கூடாது. அதுவும் போணிக்கு முன்னாடி சொன்னா மேனேஜர் தொலைச்சிடுவாரு."

"வராத புடவையை வரும் என்பது பொய்யில்லையா?"

"என்னிக்காவது வரும்ல மிஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மாலை. இது ஏஐக்கும் தெரியவில்லை, ஐம்பது வருடமாக இந்தத் தெருக்களில் புடவை எடுக்கும் எனக்கும் தெரியவில்லை. மறுபடி எழுதிக் கேட்டேன்: 'இல்லை' கூடாது. பொய்யும் கூடாது. நான்கு விடைகள் வந்தன. ஒன்று தேறியது: 'லெட் மீ ஷோ யூ அவர் அதர் கிரீன்ஸ்.' முன்னால் ஒரு 'அப்சல்யூட்லி' ஒட்டியிருந்தது. அடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். ஆகாய நீலக் காட்டன், கஞ்சி போட்டது.

முதலாளி வந்தார், நெற்றி நிறைய விபூதி. பாண்டியன் முந்திக்கொண்டார்.

"நானே போன்ல பத்துக் கேள்வி போட்டு வச்சிருக்கேன் அண்ணாச்சி. பாருங்க."

முதல் கேள்வி: கேட்ட கலர் கடையில் இல்லை, என்ன சொல்வீர்கள்? சரியான விடை, டிவி கொள்ளாத எழுத்தில்: 'நோ ஸ்டாக், மேடம்.'

வெள்ளிக்கிழமை காலை. இன்னும் போணியாகவில்லை.

"ஏல, யாருல இது? காலங்காத்தால கடைக்குள்ள 'நோ ஸ்டாக்'னு எழுதிப் போட்டது?"

பாண்டியன் ரிமோட்டைத் தேடினார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின.

என்னுடைய கே. 7 போட்டேன். பதினெட்டுக்குப் பதினெட்டு. முதலாளிக்குப் பொருள் சொன்னேன். அந்த விடையை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"இத நம்ம ஜென்ட்ஸ் செக்ஷன் பயலுவளுக்கும் எடுப்பீங்களா டீச்சர்?"

மேடம் போய் டீச்சர்! எடுப்பேன், நேரத்துக்கு வர வேண்டும் என்றேன்.

ஆட்டோ வரை பாண்டியன் கூடவே வந்தார்.

"நானுந்தான் அதுகிட்ட கேட்டேன் மேடம். எப்பிடிக் கேக்கணும்?"

திங்கள் எட்டரைக்கு வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மும்தாஜ் பக்கத்தில் இடம்.