அம்மா வந்தால்தான் ‘நாம’

வருங்கால முனைவரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் அன்புடன் எழுதுவது. ‘இங்கு நாங்கள் நலம்’ என்று தொடங்கி, உடனே அடித்துவிட்டேன். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’. குழந்தைகள் இதை எப்படிப் பிரித்துப் பேசக் கற்கிறார்கள் என்று ஆராயப் போனவளுக்கே அப்படி எழுத எனக்குக் கை வருமா?

லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம் உன் பெருமைதான் பேசுகிறேன். போன வாரம் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமையும் நாம வேலை பார்க்கணும் என்றார். அந்த ‘நாம’வில் நீங்களும் உண்டா சார், என் பெண்டாட்டி பல்கலைக்கழகத்தில் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனது என்னவோ நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாளும் நம் வாண்டு போனில் உன்னிடம், அம்மா, நேத்து நாம பார்க்குக்குப் போனோமே என்று தப்பாகச் சொல்வாள். நீயும் சிரிப்பாய். அன்றைக்கு முதல் தடவையாக, நாங்க போனோம் என்றாள். இலக்கணப்படி சரிதான். ஆனால் உன் குரல் உடைந்துவிட்டது. பிள்ளை என்னை வெளியே நிறுத்திவிட்டாள், ஆய்வும் வேண்டாம் பட்டமும் வேண்டாம், வந்துவிடுகிறேன் என்றாய். அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் ஆய்வை எடுத்துவைக்க வேண்டியவள் பேசுகிற பேச்சா அது?

நேற்று அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டபடி, நாம பார்க்குக்குப் போலாமா என்று கேட்டேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அம்மா வந்தாத்தான் நாம, இப்ப நாங்க போலாம்ப்பா என்று என்னிடமே சொல்கிறாள். கேட்டாயா? இலக்கணமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ‘நாம’ என்றால் நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

நான் திருத்தவில்லை. படித்தவள் நீ, வந்து திருத்து. அதற்காக இதைப் படித்ததும் பெட்டி கட்டிவிடாதே. உன்னை வழியனுப்பியபோது எனக்கு இருந்த பெருமை இப்போது இரண்டு மடங்காகியிருக்கிறது, அதைப் பாதியில் இறக்கிவிடாதே. பேராசிரியர்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேசு. நல்லபடியாக முடித்து, பட்டத்தோடு வா.

அடித்த வரியை இப்போது தைரியமாகவே எழுதுகிறேன். நீ வரும்வரைக்கும், நாங்கள் நலம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்