ஐந்தாம் தொட்டியின் அளவுகள்

நாள் 88, காலை 8.10
செவ்வாய்க் கிரகம், இரண்டாம் குடியிருப்புப் பள்ளி. பதினொன்றாம் வகுப்பு, உயர்நிலை உயிரியல் பிரிவு. பதிவு: பெனிட்டா. ஐந்தாம் பாசித் தொட்டி. நிறம் பச்சை. பி.எச். 7.4. ஆக்சிஜன் வரத்து போதுமானது. உப்புக் கரைசல் சேர்த்தாயிற்று. கோளாறு இல்லை.

நாள் 88, மதியம் 1.30
மேலே உள்ளது வகுப்புப் பதிவேட்டில் எழுதியதன் நகல். இந்த நோட்டு என்னுடையது. யார் கையில் கிடைத்தாலும் தெரிந்துகொள்ளட்டும்: கருவி காட்டிய பி.எச். 6.1, பாசி சாகத் தொடங்கும் அளவு. பக்கத்துத் தொட்டி ரிஸ்வானுடையது. அவன் எழுதிய 7.5-ஐக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். மூன்று மாதமாக இப்படித்தான்.

எவ்வளவு உப்பு சேர்ப்பது என்ற கணக்கு முதல் வாரத்திலேயே எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் குடியிருப்பிலேயே முதல் மதிப்பெண் நான். ஆறு பேருக்கு மட்டும் இடமுள்ள இந்தப் பிரிவில், போன தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. அம்மாவிடம் விடைத்தாள் இன்னும் தரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நாள் 95, காலை 8.05
பாசி மஞ்சளாகிவிட்டது. விளக்கின் மேல் பச்சைத் தாள் ஒட்டினேன். பார்க்க நன்றாக இருக்கிறது.

நாள் 101, காலை 9.00
காற்று ஆலையின் வடக்கு அறையில் குழாய் பழுது. எங்கள் ஆசிரியர் சற்குணம் சார்தான் ஆலைக்கும் பொறுப்பு. அவரே உள்ளே போகிறார். அறைக்கு வரும் பிரதான காற்றை அடைத்துவிட்டு, உள்ளே மூச்சுக்கான ஆக்சிஜனுக்கு ஒரு மாணவர் தொட்டியை இணைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொன்னார்: "பெனிட்டா தொட்டிதான் மூணு மாசமா ஒரே சீரா இருக்கு. அதையே போட்டுடுங்க."

வகுப்பு கைதட்டியது. நான் சிரித்தேன்.

காலை 9.40
கதவு மூடியாயிற்று. அந்த அறையின் எச்சரிக்கை மணியும் பழுது. இப்போதே சொல்லிவிடலாம். எழுந்தேன். ரிஸ்வான் திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டேன்.

காலை 10.50
வாக்கி-டாக்கியில் சார்: "பெனிட்டா, லேசா தலை வலிக்குது. அளவு என்னம்மா?"
"ஏழு புள்ளி நாலு சார்."
"அப்ப சரி. நான்தான் சரியா தூங்கல போல."

என் வாய்தான் சொன்னது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

காலை 11.05
அழைத்தேன். "சார், அது பொய். எனக்கு அந்தக் கணக்கே தெரியாது. வெளிய வந்துடுங்க சார்." பதில் இல்லை. மறுபடியும் அழைத்தேன். பதில் இல்லை. ரிஸ்வானிடம் கத்திச் சொன்னேன். கதவைத் திறக்கப் பதினான்கு நிமிடம் ஆயிற்று.

நாள் 104, மாலை 4.00
சாருக்கு உயிர் இருக்கிறது. மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போகாததால் எது மிஞ்சும் என்று சொல்ல முடியாதாம். விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு வரும்வரை வகுப்பில் இருக்கச் சொன்னார்கள். அம்மா திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

நாள் 139, காலை 10.15
வேலைக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்றோடு சார் வகுப்புக்கு வந்தார். பலகையில் உப்புக் கணக்கின் முதல் வரியை எழுதினார். நின்றார். அழித்தார். அதே வரியை மறுபடி எழுதினார். "மீதியை வீட்ல போட்டுட்டு வாங்க," என்றார். வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

எல்லோரும் போனதும் அவர் மேசைக்குப் போய், எனக்குப் புரியவில்லை என்றேன். பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:
"எனக்கும்தாம்மா. திங்கட்கிழமைலேர்ந்து மறுபடியும் ஆலை என் பொறுப்பு. யாருகிட்டயும் சொல்லிடாத. நீயாவது சொல்லாத."

சரி என்று தலையசைத்தேன்.

காலை 10.40
வெளியே வந்து விசாரணைக் குழுவின் எண்ணை அழுத்திவிட்டேன். மணி போய்க்கொண்டிருக்கிறது. சார் வகுப்பறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். யாரை அழைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறார்.