ஞாயிற்றுக்கிழமை ஊசி வேனை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
ஜெ. இளமதி, பதினோராம் வகுப்பு,
த/பெ. ஜெயவேல் (பட்டு நெசவு),
முள்ளிப்பட்டு, ஆரணி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: வரும் ஞாயிறு நடக்கவுள்ள கைவலி ஊசி முகாமைத் தடுக்கவும், என் தந்தைக்கு முறையான சிகிச்சை கிடைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளியில் விசாரித்தால் என்னைச் சரியான வால் என்பார்கள். அது உண்மை. இந்த மனு விளையாட்டு இல்லை.

1. அப்பாவுக்கு ஒரு வருடமாக வலது முழங்கையில் வலி. தறியில் ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்து இழுத்துத் தசைநாண் தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று இருக்கிறது. எங்கள் தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு மட்டும்தான்.

2. முகூர்த்தப் புடவைகள் தாமதமாகக் கூடாதென்று, பாவு நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி வெளியூரிலிருந்து வேனில் ஒருவரை வரவழைக்கிறார். நெசவாளர்களை மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து அவர் ஊசி போடுகிறார். அப்பா மூன்று போட்டாயிற்று. உடனே வலி போகிறது, அன்றே தறியில் இறங்குகிறார். பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது.

3. போன முகாமில் நானும் வரிசையில் உட்கார்ந்தேன், சும்மா அந்த ஊசிக்காரரைக் கலாய்க்க. "இங்க வலிக்குதுங்க" என்று நல்ல கையை நீட்டினேன். அமுக்கிப் பார்த்து, நரம்பு தேய்ந்துவிட்டது என்றார். மருந்து தீர்ந்துபோனதால் அடுத்த முகாமுக்கு டோக்கன் கொடுத்தார். புளுகுவதில் எனக்கும் அனுபவம் உண்டு, பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டில் சொன்னேன், அப்பாவும் சிரித்தார். அந்த வாரமே காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து மெலிந்திருந்தது.

4. அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர், அது ஸ்டீராய்டாக இருக்கும், இன்னொன்று போட்டால் நாணே அறுந்துபோகலாம் என்றார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தேய்ந்த இடத்தில் மட்டும் ஊசியால் குத்தி, கத்தி வைக்காமல் ஆறவைக்கும் சிகிச்சை மருத்துவக் கல்லூரியில் உண்டாம். அதன்பின் ஆறு வாரம் தறி கூடாதாம்.

5. அப்பாவோ, "ரெண்டும் ஊசிதானே, அதுக்கு மட்டும் எதுக்குமா ஆறு வாரம் சும்மா குந்திகினு இருக்கணும்?" என்கிறார். தறியில் பாதிப் புடவை நிற்கிறது. வேறு ஆள் நெய்தால் இழையை அடித்து நெருக்கும் அழுத்தம் மாறி, மாறின இடம் கோடாகத் தெரியும். முதலாளி வாங்கமாட்டார். அதனால் ஞாயிறு நாலாவது ஊசிக்குத் தயாராக இருக்கிறார்.

ஐயா, பட்டு இழை அறுந்தால் அப்பா பார்க்காமலேயே முடிச்சுப் போடுவார். கைக்குள் அறுந்தால் யார் போடுவது?

ஆகவே ஞாயிறு வேன் வருவதற்குள் மருத்துவ அலுவலர் ஒருவரை அனுப்பி, அந்த மருந்து என்ன, போடுகிறவர் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சிகிச்சைத் தேதி வாங்கித் தாருங்கள். பாதிப் புடவை காத்திருக்கட்டும் என்று கைத்தறித் துறையிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி கேட்பார். நான் சொன்னால் சிரிக்கிறார்.

நாள்: 19.01.2026
இடம்: முள்ளிப்பட்டு

தங்களை மட்டுமே நம்பியுள்ள,
ஜெ. இளமதி

இணைப்பு:
1. வலியே இல்லாத என் கைக்குக் கொடுத்த டோக்கன்.
2. அப்பாவின் டோக்கன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். என் வழக்கமான குறும்பு என்று தேடிக்கொண்டிருக்கிறார். கேட்டால் வேறு கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை. தயவுசெய்து இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.