ஆட்டுக்குத் தைத்த துணி

பூட்டில், லிவர்பூல்
6 ஆகஸ்ட் 1940

முன்பின் அறியாத எஃபி மக்ரே அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் ஆட்டைத் தின்றவள் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தின்றவர்கள் வேறு யாரோ. அதைச் சுற்றி வந்த துணியைத் துவைத்தவள் நான்.

எங்கள் தெருக் கறிக்கடையில் சாயங்காலம் தரை கழுவுகிறேன். உறைந்த ஆடுகள் போட்டு வரும் துணி உறையைக் கடைக்காரர் எனக்குக் கொடுத்துவிடுவார். கூலி உயர்த்திக் கேட்டால் காது கேட்காது, துணி கொடுப்பதில் தாராளம். நாலு முறை வெந்நீரில் அலசினால் கவிச்சி போய்விடும். என் மகள் பெரிலுக்கு ஒரு வயது. அவளுக்கு உள்சட்டை தைக்க வெட்டும்போதுதான் மடிப்புக்குள் உங்கள் பெயரும் ஊரும் கண்ணில் பட்டன. கீழே ஒரு வரி: "குளிரில் தைத்தது. சாப்பிடுபவர் சுகமா?"

இத்தனை வருஷத்தில் சுகமா என்று எங்களைக் கேட்ட முதல் ஆடு இதுதான். அதனால் பதில் எழுதுகிறேன். சுகம்தான்.

இப்படிக்கு,
டோரா ரிம்மர்


டிமாரு, நியூசிலாந்து
20 அக்டோபர் 1940

அன்புத் தங்கை டோராவுக்கு,

உன் கடிதத்தை இறைச்சி ஆலையில் இடைவேளையில் படித்தேன். ஆடுகளுக்கு உறை தைக்கும் துணி அறைப் பெண்கள் பதினோரு பேரும் என் தோள்மேல் ஏறி நின்று கேட்டார்கள். பெரில் என் எழுத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்றதும் ஒருத்தி அழுதேவிட்டாள்.

மேஸ்திரிக்கு விஷயம் போய்விட்டது. "ஆடு சர்க்கார் ஆடு, துணி சர்க்கார் துணி, அதுல உம்பேரு எதுக்கு?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. போர் வந்ததிலிருந்து ஏற்றுமதி இறைச்சி முழுவதையும் அரசாங்கமே வாங்கிக்கொள்கிறது. எந்தக் கப்பலில் எவ்வளவு ஏற்றுவது என்பதும் வெலிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில். கப்பல்தான் வருவதில்லை. போன பருவத்து ஆடுகளே இன்னும் குளிர்கிடங்கில் கூரை முட்டக் கிடக்கின்றன. கிடங்கு காலியானால்தான் புதிதாக வெட்ட முடியும், வெட்டினால்தான் எங்களுக்கு வேலை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்ட மாஸ் என்பவன் கடைசி நாளில் சட்டைக்குள் நாலு ஆட்டுச் சிறுநீரகத்தை மறைத்து எடுத்துப்போய் மாட்டிக்கொண்டான். நீதிபதி அவனை நாட்டுக்குத் துரோகி என்றாராம். அவன் பிள்ளைகள் அன்றைக்கு உருளைக்கிழங்கு தின்றார்கள், கிடங்குச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்துகொண்டு.

என் வீட்டுக்காரர் போன போரில் போனவர். எனக்கு இந்த ஊசி ஒன்றுதான். கப்பல் வரட்டும் என்று வேண்டிக்கொள்.

உன் அக்கா,
எஃபி


பூட்டில்
24 நவம்பர் 1940

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அங்கே கூரை முட்ட ஆடு. இங்கே அரைமணி நேரம் வரிசையில் நின்று, ஆளுக்கு உள்ளங்கை அளவு. கசாப்புக்காரர் கட்டை விரலையும் சேர்த்து நிறுத்துவிட்டாரோ என்று பார்க்கிறோம். பிறகு மாஸின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். கோபத்தை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு சேதி. என் வீட்டுக்காரர் லென் இறைச்சிக் கப்பலில் குளிர் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுபவர். இந்தமுறை உங்கள் பக்கம்தான் வருகிறார். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வந்தால் ஒருவேளை சாப்பாடு போடுங்கள். ஆசாமி பேச்சுக்காரர், கண்டுகொள்ளாதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். திரும்பும்போது அமெரிக்கக் கரையில் வடக்கே ஒரு துறைமுகத்தில் கப்பல்களெல்லாம் கூட்டம் சேர்ந்து, போர்க்கப்பல் காவலோடு இந்தக் கரைக்கு வருமாம். நாள் தவறினால் கூட்டம் காத்திருக்காது. தனியாக வரும் கப்பல் எதிரி நீர்மூழ்கிகளுக்கு, நாய்க்கு முன்னால் போட்ட எலும்பு மாதிரி என்கிறார் லென். நேரத்தோடு அவரை அனுப்பி வையுங்கள் அக்கா. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருந்தாலும் யாரிடமாவது சொல்லிவைத்தால்தானே எனக்குத் தூக்கம் வரும்.

தினமும் குண்டு விழுகிறது. நிலவறையில் பெரில் உங்கள் சட்டையோடு தூங்குகிறாள்.

உங்கள் தங்கை,
டோரா


டிமாரு
2 பிப்ரவரி 1941

என் அன்புத் தங்கைக்கு,

உன் ஆள் வந்தார், சாப்பிட்டார், என் அடுக்களையையே சிரிக்க வைத்துவிட்டுப் போனார். எட்டுப் பேருக்கு வைத்த கறியில் நாலு பேர் பங்கு அவருக்கே. பெரிலின் படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தின்றார்.

இன்னொரு நல்ல சேதி, ஆலை மூடவில்லை. உன் வேண்டுதல்தான். கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டியது. வியாழனன்று வெலிங்டனிலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் புது உத்தரவோடு வந்து இறங்கினார். இனி ஆட்டை முழுசாக ஏற்றக் கூடாது. இடுப்பில் அறுத்து, பின்பாதியை முன்பாதியின் நெஞ்சுக்கூட்டுக்குள் செருக வேண்டும். அப்படிச் செய்தால் கப்பலின் அதே அறையில் எத்தனையோ கூடுதலாகப் பிடிக்கும். ஏற்கெனவே உறைந்து கிடந்ததையெல்லாம் வெளியே இழுத்து, ரம்பத்தால் அறுத்து, செருகி, புதுத் துணி போட்டுத் தைத்தோம். ஆள் போதவில்லை. வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மாஸையும்தான். ஞாயிற்றுக்கிழமைகூட வேலை, இரட்டைக் கூலி. ஊசி பிடித்துப் பிடித்து விரல் மடங்கவில்லை. ஆனாலும் பாடிக்கொண்டே தைத்தோம். அடுத்த வியாழன்வரை கப்பல் நின்றது.

லென் தினமும் துணி அறை வாசலில் வந்து நிற்பார். "சீக்கிரம் தைங்கக்கா, அங்க கூட்டம் கெளம்பிடப் போகுது" என்பார். ஒருநாள் தொப்பிக்காரரிடமே போய்க் கேட்டார். அவர், "ஒரு அடி எடங்கூட காலியாப் போகக் கூடாதுய்யா. உங்க ஊருக்குத்தானே சோறு?" என்றார். உன் ஆள் விடவில்லை. "எங்க படுக்கையையும் மடிச்சுச் செருகிட்டா இன்னும் நாலு ஆடு ஏத்தலாம் சார்." நாங்கள் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தோம்.

பெரிலுக்காகப் புதுத் துணி ஒரு சுருள் லெனிடம் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரிக்குத் தெரியாது. இந்தத் தபால் அமெரிக்கா வழியாக விரைவுக் கப்பலில் போகிறது. யார் முதலில் வருகிறார்கள் என்று பார், கடிதமா, மாப்பிள்ளையா.

அன்பு அக்கா,
எஃபி


பூட்டில்
9 ஏப்ரல் 1941

திருமதி மக்ரே அவர்களுக்கு,

கடிதம்தான் முதலில் வந்தது.

அதற்கும் பத்து நாள் முன்பே தந்தி வந்துவிட்டது. கப்பல் தனியாக வந்ததாம். ஏன் தனியாக என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி அலுவலகத்தில் கேட்டேன். போர்க்காலம்மா, அதெல்லாம் கேட்கக் கூடாது என்றார்கள். லென் முதலில் கிளம்பியிருக்க வேண்டிய அதே வாரம் உங்கள் தீவின் வேறு துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. அதில் போன எங்கள் தெருக்காரர் மூன்று பேர் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் நேற்று வேலியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. தணிக்கைக்காரர் ஊர்ப்பெயரை மட்டும் கத்தரித்திருந்தார். மற்றதில் இரகசியம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை போலும்.

நீங்கள் கெட்டவர் இல்லை. தைக்கச் சொன்னார்கள், தைத்தீர்கள். நான் அந்த அறையில் இருந்திருந்தால் நானும் தைத்திருப்பேன், இரட்டைக் கூலிக்குப் பாடியும் இருப்பேன். தொப்பிக்காரர் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது, உங்கள் விலாசம்தான் தெரியும். ஏற்றிய அன்றே அந்த ஆடுகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்திருக்கும். கப்பல் மூழ்கிய அன்றோடு லென் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். மூழ்கியபின் அவர் வேலை செய்யவில்லையாம்.

அவர் உங்களிடம் சொல்லிச் சிரித்ததை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவருடைய கடைசிப் பேச்சு உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதனால் கடிதத்தை எரிக்க முடியவில்லை.

பெரில் வளர்ந்துவிட்டாள். அந்த உள்சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கித் தைக்கிறேன். உங்கள் பெயரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சோடாவில் ஊறவைத்தேன். ஆட்டுக்கு முத்திரை குத்துகிற மை, போகவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றத் துணி பிள்ளைக்கு வேண்டும்.

இனி எழுத வேண்டாம். துணியிலும் எழுதாதீர்கள்.

திருமதி லென் ரிம்மர்