மேல் லயத்துப் பீலித் தண்ணீர்

பொகவந்தலாவை
8.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தனுஜா எழுதுவது. நான் நலம். சவூதியில், தம்மாமில், உங்கள் கைக்காயம் ஆறிவிட்டதா? போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பாதி கேட்டதுமே பதறி அண்ணியை அழைத்துவிடுவீர்கள். கடைக்கார இப்றாஹிம் நானாவின் மகன் நுஸ்கி நாளை அங்கே வேலைக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

கார்த்திகை மழையில் மேல் மலை சரிந்தது உங்களுக்குத் தெரியும். நம் லயத்து வீடுகள் தப்பின என்று கோயிலில் பொங்கல் வைத்தோம். சரிந்தது தேயிலைக்கு அடிக்கும் மருந்தை வைத்திருந்த பழைய ஸ்டோர் இருந்த இடம். பெயர் அழிந்த பீப்பாய்கள் சில மண்ணோடு உருண்டு, லயமே குடிக்கப் பிடிக்கும் நம் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கின்றன.

கம்பஸில் என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். தொழிற்சாலையில் ஒதுக்கும் தேயிலைத் தூளைத் தண்ணீரில் கலந்து, இறுக மூடிய எஃகுக் குடுவையில் இருநூறு பாகை சூட்டில் ஆறு மணி நேரம் வைப்போம். வடிகட்டினால் வெறும் சாயத் தேநீர் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் கண்ணுக்கு எட்டாத கரித் துகள்கள் இருக்கின்றன. புற ஊதா டார்ச் பட்டால் நீலமாக ஒளிரும். பாதரசம் போன்ற சில உலோகங்கள் சேர்ந்தால் அந்த ஒளி அடங்கிவிடும்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது அண்ணிக்குக் காட்ட ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தேன். ஜன்னலைக் கம்பளியால் மூடி டார்ச் அடித்ததும் அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். பிறக்கப்போகும் பிள்ளையின் தொட்டிலில் கட்டித் தொங்கவிடலாமா என்று கேட்டார். போத்தல் நிறையட்டும் என்று, நான் தடுப்பதற்குள் குடத்திலிருந்த பீலித் தண்ணீரை அதில் ஊற்றினார். ஒளி அணைந்துபோனது. நான் தனியாக எடுத்து வைத்திருந்த மிச்சத்தில் கடையில் வாங்கிய தண்ணீரை அதே அளவு ஊற்றிப் பார்த்தேன். அது அணையவில்லை.

இரும்பு இருந்தாலும் ஒளி மங்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தண்ணீரை எடுத்துப்போய் எங்கள் ஆராய்ச்சி மேடத்திடம் கொடுத்தேன். வேறு இயந்திரத்தில் பார்த்தார்கள். பாதரசம்தான், அண்ணா. குடிக்கக்கூடிய அளவைப் போல ஒன்பது மடங்கு. கொதிக்க வைத்தாலும் போகாது.

அறிக்கையைத் தோட்டத்துத் துரையிடம் கொடுத்தோம். தோட்டமும் தனியாகச் சோதித்துத்தான் முடிவு சொல்லும், அதுவரை யாரும் வதந்தி பரப்பக் கூடாது என்றார். பவுசர் வண்டியில் ஒரு நாள் தண்ணீர் வந்தது. பிறகு வரவில்லை. இருபத்திரண்டு குடும்பமும் மறுபடி பீலிக்கே போகின்றன. வேறு ஊற்றுத் தண்ணீர் வரும் கீழ் லயத்திலிருந்து நான் சுமந்து வைத்த தண்ணீரை அண்ணி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கோபித்தேன். “எல்லாரும் குடிக்கிறாங்க, நான் மட்டும் எப்புடி தனியா வச்சுக் குடிக்கிறது?” என்றார்.

போன வியாழன் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். வயிறு மாதத்துக்கேற்ப வளரவில்லை என்று மிட்வைஃப் மிஸ் இரண்டு தடவை அளந்தார். ஸ்கேனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். தண்ணீரைப் பற்றி நான் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பஸ்ஸில் வரும்போது அண்ணி ஸ்கேன் துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். இறங்கியதும், “ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிராத, அங்க மெசின்ல நிக்கிற மனுசன்” என்றார். சொல்லவில்லை. எழுதிவிட்டேன். அண்ணியை மன்னிக்கச் சொல்லுங்கள்.

அண்ணா, ஸ்கேன் புதன்கிழமை. இதை வாசித்ததும் அண்ணியை அழைத்து, பட்டிப்பொலவில் அவர் அம்மா வீட்டுக்கு நாளைக்கே போகச் சொல்லுங்கள். அங்கிருந்தே ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறேன். உங்கள் ஆசை என்று சொன்னால் போவார். என் பேச்சைக் கேட்க மாட்டார். லீவு கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். புதன்கிழமை அண்ணியோடு உள்ளே போக நான் மட்டும் போதாது.

பிள்ளைக்கு நீங்கள் வாங்கியனுப்பிய உடுப்புகளை அண்ணி பீலித் தண்ணீரில் துவைக்காமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறார். முருகன் துணை இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
தனுஜா