எது நல்ல பள்ளி என்று கேட்டீர்களே

என்னவருக்கு,

இந்த நாட்டில் அரசுப் பள்ளி நல்லதா, தனியார் பள்ளி நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். அரசுப் பள்ளியில் வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். ஆனால் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். நான் இருக்கும் தனியார் பள்ளியில் பன்னிரண்டே பேர், ஏசி அறை. விடுப்புதான் கிடையாது.

அரசுப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. உடனே எங்கள் முதல்வரிடம் போய் நின்றேன்.

"வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் சார். என்னை விட்டுடுங்க."

கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். "ஒப்பந்தம் முடியற வரைக்கும் உங்க பாஸ்போர்ட் நம்ம ஸ்கூல் ஆபீஸ்லதான் இருக்கும், டீச்சர். என் கையில ஒண்ணும் இல்ல."

நேற்று அந்த அரசுப் பள்ளி வேலையில் வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

இன்று வகுப்பில் எதிர்கால வினை நடத்தினேன். "நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. நான் வீட்டுக்குப் போவேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பழக்கப்படி பன்னிரண்டு பேரும் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும்போது உங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களவள்